கல்லூரியில் கற்கும் கணினியும் கிராமத்துக் கணக்கும்

நம் வட்டாரங்களில் கல்லூரிக்குச் செல்லும் மகனோ மகளோ இல்லாத தெருவைக் காண்பது இன்று அரிது. வரலாறு, தாவரவியல், வணிகவியல் என எதனை எடுத்துப் பயின்றாலும், அவர்களுள் பலர்க்கு ஏதேனும் ஒரு பருவத்தில் கணினியும் அலுவலக மென்பொருள்களும் ஒரு பாடமாக வந்துவிடுகின்றன. பிள்ளை மூன்றாண்டு படித்துப் பட்டமும் பெற்று வீடு திரும்புகிறான். பஞ்சாயத்து அலுவலகத்தில் வீட்டுவரிப் பட்டியலைச் சீர்செய்து கொடு என்று கேட்டால் தயங்குகிறான். அப்பாடத்தில் அவன் கற்க வேண்டியது யாது? கற்றானா என்பதைப் பெற்றோரும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் எங்ஙனம் அறிவது? இவற்றைச் சிறிது விரிவாக நோக்குவோம்.

நாம் கல்லூரியிற் பயின்றது 1990களின் இறுதியில். அந்நாளில் கணினி அறைக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றி வாயிலில் வைத்துவிட்டுச் செல்லவேண்டும். ஒரு கணினிக்கு நான்கு மாணவர்கள். விசைப்பலகையைத் தொடும் பேறு ஒருவனுக்கு. ஏனைய மூவரும் அவன் தோளின் மேலாக எட்டிப் பார்ப்போம். தேர்வில் வந்த வினாக்களோ, "கணினியின் தலைமுறைகளை விவரிக்க" என்பது போன்றவை. மனப்பாடம் செய்து எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயின், பணியில் சேர்ந்தபின் ஒரு கூட்டல் பட்டியலைக் கணினியில் அமைக்க அலுவலகத் தட்டச்சரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று கணினிகள் பெருகியுள்ளன. ஆயினும் பாடத்தை எழுதிப் படிக்கும் வழக்கம் முற்றும் ஒழிந்ததாகக் கூறுவதற்கில்லை. நீந்தும் முறையைக் கரையில் அமர்ந்து எழுதிப் பார்ப்பது போன்றதே இது.

அலுவலக மென்பொருள் என்பது பெரும்பாலும் மூன்று கருவிகளின் தொகுப்பாகும். கடிதமும் அறிக்கையும் எழுதுவதற்கு வேர்டு போன்ற ஒன்று. கணக்கும் பட்டியலும் போடுவதற்கு எக்ஸெல் போன்ற விரிதாள். கூட்டத்தில் படங்காட்டி விளக்குவதற்குப் பவர்பாயிண்ட் போன்ற மூன்றாவது. மாணவர்கள் விரும்பிப் பழகுவது இம்மூன்றாவதையே. எழுத்துகள் பறந்து வந்து அமர்வதும், வண்ணங்கள் மாறுவதும் அவர்கட்கு மகிழ்வூட்டுகின்றன. நம் அனுபவத்தில், கிராமத்திற்கு மிகக் குறைவாகப் பயன்படுவதும் அதுவே. உண்மையில் பயன் தருவது விரிதாள். ஆகவே அதனையே நாம் இங்குப் பெரிதும் கவனிப்போம்.

அதற்கு முன் தமிழில் தட்டச்சு செய்தல் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் விரைந்து அச்சடிக்கும் பட்டதாரிகள் கூடக் கிராம சபைத் தீர்மானத்தைத் தமிழில் அச்சடிக்கச் சொன்னால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடுகின்றனர். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை அமைப்பை அரசு ஏற்றது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்யெழுத்து வரிசை பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ககரத்தை அழுத்தி அடுத்து ஆகாரத்தை அழுத்தினால் 'கா' தோன்றும். ககரத்தை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழுந்து 'க்க' என்றாகும். பள்ளியில் உயிர்மெய் கற்ற எவர்க்கும் இம்முறை எளிதில் விளங்கும். நாள்தோறும் அரைமணி நேரம் விடாது பழகினால் ஓரிரு மாதங்களில் கை படிந்துவிடும்.

எழுத்துருவையும் கவனித்தல் வேண்டும். முற்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தத்தமக்கென எழுத்துருக்களை ஆக்கியிருந்தன. ஓர் அலுவலகத்தில் அச்சடித்த மனு மற்றோர் அலுவலகக் கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். இத்தொல்லையை நீக்கவே 2010இல் அரசு யூனிகோடு முறையைத் தரமாக அறிவித்தது. இன்றும் பழைய எழுத்துருவில் கோப்பைச் சேமித்து அனுப்புவோர் உளர். பிள்ளை யூனிகோடில் அச்சடிக்கிறானா என்பதை அறிய ஓர் எளிய வழியுண்டு: அவன் அடித்ததை அப்படியே உங்கள் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்குத் தமிழாகத் தெரிந்தால் சரி.

இனி விரிதாளுக்கு வருவோம். இக்கருவி தோன்றியதே ஒரு மாணவரால் என்பது பலர் அறியாதது. அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1978இல் பயின்றுகொண்டிருந்த டான் பிரிக்லின் என்பவர், ஆசிரியர் கரும்பலகையில் கட்டம் கட்டமாகக் கணக்கெழுதுவதைக் கண்டார். ஓர் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த எண்கள் யாவற்றையும் அழித்து எழுதவேண்டியிருந்தது. அவ்வேலையைக் கணினியே செய்தாலென்ன என்று அவர் எண்ணினார். நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் ஆக்கிய 'விசிகால்க்' 1979இல் வெளிவந்தது. இன்றைய எக்ஸெல் முதலிய யாவும் அதன் வழிவந்தவையே.

இதன் இயல்பை ஒரு பயிர்க்கணக்கைக் கொண்டு விளக்குவோம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவை. முதல் பத்தியில் செலவின் பெயர், இரண்டாவதில் அளவு, மூன்றாவதில் விலை அல்லது கூலி, நான்காவதில் தொகை. உழவு 4 மணி, மணிக்கு 1,200 ரூபாய். நடவு 14 ஆள், ஆளுக்கு 400. உரம் 3 மூட்டை, மூட்டைக்கு 900. நான்காம் பத்தியில் தொகையை நாம் எழுதுவதில்லை. சமக்குறியிட்டு, அளவுக் கட்டத்தை விலைக் கட்டத்தால் பெருக்குக என்று சூத்திரம் இடுகிறோம். 4,800, 5,600, 2,700 என்று தொகைகள் தாமே வருகின்றன. அடியில் கூட்டற் சூத்திரம் இட்டால் 13,100 என்று காட்டும். நடவுக்கூலி 450 ஆகிவிட்டதா? 400 என்றிருக்கும் ஒரு கட்டத்தை மட்டும் மாற்றினால் மொத்தம் 13,800 என்று நொடியில் மாறிவிடும். மனக்கணக்கில் வல்ல நம் குடியானவர்கள் இதனைக் காகிதத்திலும் செய்வர் என்பது மெய்யே. ஆனால் மூன்று போகக் கணக்கை அருகருகே வைத்து எச்செலவு ஏறிற்று என்று பார்ப்பதற்குக் காகிதம் அத்துணை உதவாது.

இங்கேதான் பாடநூல் எச்சரிக்காத பிழைகள் நுழைகின்றன. நடவுத் தொகையைச் சூத்திரமின்றி "5,600 ரூ." என்று எழுத்தும் சேர்த்து அடித்துவிட்டால் கணினி அதனை எண்ணாகக் கொள்ளாது, சொல்லாகக் கொள்ளும். கூட்டும்போது அக்கட்டத்தை ஓசையின்றித் தள்ளிவிட்டு 7,500 என்று காட்டும். பிழை என்று எச்சரிப்பதும் இல்லை. இதனைக் கண்டுபிடிக்க ஒரு குறிப்பு: நாமாக மாற்றாதவரை, எண்கள் கட்டத்தின் வலப்புறம் ஒதுங்கியும் சொற்கள் இடப்புறம் ஒதுங்கியும் நிற்கும். எண் பத்தியில் ஒன்று மட்டும் இடப்புறம் ஒட்டிக்கொண்டிருந்தால் ஐயுறல் வேண்டும்.

வங்கிக் கணக்கு எண்ணில் இதற்கு நேர்மாறான ஆபத்து உண்டு. அதனை எண்ணாக அடித்தால் முன்னுள்ள சுழியத்தைக் கணினி உதறிவிடும். மேலும், 15 இலக்கங்களுக்கு மேற்பட்டவற்றை எக்ஸெல் நினைவிற் கொள்வதில்லை. 16 இலக்க எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் எதுவாயினும் சுழியமாக மாறிவிடும். ஆதலின், அப்பத்தியை முதலிலேயே சொற்பத்தியாக அமைத்துவிட்டுப் பிறகே எண்களை அடித்தல் வேண்டும். அடித்தபின் மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

இத்தகையதொரு பிழை செய்த தீங்கை நாம் நேரில் கண்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில் உதவித்தொகை பெறுவோர் பட்டியலொன்று தயாராயிற்று. தற்காலிகமாக அமர்த்தப்பட்ட பட்டதாரி இளைஞர் ஒருவர் அதனை அச்சடித்தார். நல்லவர், சுறுசுறுப்பானவர், முதல் வகுப்பில் தேறியவர். பெயர்கள் அகரவரிசையில் இருந்தால் பார்க்க நன்றாயிருக்கும் என்று நாமே கூறினோம். அவர் பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்திவிட்டார். பெயர்கள் இடம் மாறின. அருகிலிருந்த கணக்கு எண்களும் தொகைகளும் இருந்த இடத்திலேயே நின்றன. பட்டியல் அழகாயிருந்தது. மொத்தமும் சரியாயிருந்தது, தொகைப் பத்தியை எவரும் தொடவில்லையன்றோ! நாம் கையொப்பமிட்டோம்.

தொகைகள் ஆளுக்கு ஆள் வேறுபட்டிருந்தன. அக்காலத்தில் வங்கி கணக்கு எண்ணை மட்டுமே நோக்கிப் பணத்தைச் சேர்த்தது. பெயர் பொருந்துகிறதா என்று ஒப்பிடவில்லை. ஆதலால் பணம் உரிய கணக்குகளுக்கே சென்றது. அதனோடு முடிந்திருந்தால் எவர்க்கும் தெரிந்திராது. ஆனால் அப்பட்டியலைக் கொண்டே, தகுதியற்றவை என முடிவான சில பெயர்களை நீக்கி அடுத்த தவணைப் பட்டியல் தயாரிக்கப்பட்டது. நீக்கப்பட்ட பெயர்களின் நேரே நின்ற கணக்குகள் வேறு மனிதருடையவை. தகுதியுள்ள எட்டுக் குடும்பங்களுக்குப் பணம் நின்றுபோயிற்று. அவர்களுள் ஒருவர் கணவனை இழந்த முதியவர். மூன்று முறை பேருந்தேறி வங்கிக்கும், இருமுறை நம் அலுவலகத்திற்கும் வந்தார். "உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதே, அம்மா, பணம் வந்திருக்கும்" என்று நம் அலுவலர்களே திருப்பி அனுப்பினர். அவர் பெயர் இருந்தது உண்மை. கணக்கு எண் அவருடையதன்று. ஐந்தாம் முறை தம் வங்கிப் புத்தகத்தை மேசைமேல் விரித்துவைத்து, "எண்ணைப் படித்துப் பாருங்கள், ஐயா" என்றார். அப்போதுதான் விளங்கிற்று. எல்லாவற்றையும் சீர்செய்ய நான்கு மாதங்கள் சென்றன. அந்த இளைஞரைக் கடிந்துகொள்ள நமக்கு வாயில்லை. கையொப்பம் நம்முடையது.

இதனின்று இரண்டு செய்திகளைக் குறிக்கின்றோம். வரிசைப்படுத்துமுன் பட்டியல் முழுவதையும், எல்லாப் பத்திகளோடும், தேர்ந்துகொள்ளல் வேண்டும். அன்றியும், எந்த வேலையைத் தொடங்குமுன்பும் மூலப் பட்டியலை வேறொரு பெயரில் நாளிட்டுச் சேமித்து வைத்துவிட வேண்டும். அன்று அங்ஙனம் ஒரு படி இருந்திருப்பின் நான்கு மாத வேலை ஒரு பிற்பகலில் முடிந்திருக்கும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கணினியைத் தொடாமலே இத்தகைய பிழைகளைக் கண்டுபிடிக்க இயலும். பட்டியல் உங்கள் முன் வரும்போது மொத்தத்தை மட்டும் நோக்காது, முதலில் ஒன்று, நடுவில் மூன்று, கடைசியில் ஒன்று என ஐந்து பெயர்களைப் பொறுக்கி, அவர்களுடைய வங்கிப் புத்தகத்தோடு எண்ணுக்கு எண் ஒத்துப்பாருங்கள். இதற்கு அரைமணி நேரமும் ஆகாது. சென்ற முறைப் பட்டியலில் எத்தனை பேர், இம்முறை எத்தனை பேர், வேறுபாடு ஏன் என்றும் கேளுங்கள். 2020 ஏப்ரலில் ஈகிராம்ஸ்வராஜ் தளம் தொடங்கப்பட்டபின், பஞ்சாயத்தின் திட்டமும் கணக்கும் கணினி வழியே செல்கின்றன. அதற்குரிய டிஜிட்டல் கையொப்பக் கருவியைக் கடவுச்சொல்லோடு பிறரிடம் ஒப்படைத்துவிடுவது, தொகை எழுதாத காசோலையில் கையொப்பமிட்டுத் தருவதற்கு ஒப்பாகும். வேலையைப் பிறர் செய்யலாம். கருவி உங்கள் பையிலேயே இருத்தல் வேண்டும்.

விரிதாளை வேர்டுடன் இணைத்துச் செய்யும் ஒரு வேலையையும் மாணவர்கள் கற்றல் நலம். மெயில் மெர்ஜ் என்பது அதன் பெயர். வரிக் கேட்பறிவிப்பை ஒருமுறை எழுதி, பெயர், கதவு எண், தொகை ஆகியவை வரவேண்டிய இடங்களைக் குறித்துவிட்டால், பட்டியலிலுள்ள நானூறு வீடுகளுக்கும் தனித்தனி அறிவிப்பு அச்சாகிவிடும். இதற்கும் பட்டியல் செம்மையாயிருத்தல் அவசியம்.

வேலைவாய்ப்பை நாடும் மாணவர்கட்கு ஒரு குறிப்பு. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் 'கம்ப்யூட்டர் ஆன் ஆஃபீஸ் ஆட்டோமேஷன்' என்னும் சான்றிதழ்த் தேர்வை நடத்துகிறது. அரசு அலுவலகத் தட்டச்சர் பதவிக்குத் தட்டச்சுத் தேர்ச்சியோடு இதனையும் கேட்கின்றனர். செய்முறைத் தேர்வும் உள்ளதால் மனப்பாடம் மட்டும் கைகொடாது.

பழகுவதற்குப் பொருட்செலவு மிகுதியன்று. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பல வீடுகளில் இன்னும் அலமாரியில் உறங்குகின்றன. மின்கலம் கெட்டிருப்பினும் மின்சாரத்தில் இணைத்து ஓட்டக்கூடியவை சில இருக்கலாம். விலைகொடுத்து வாங்கவேண்டாத லிபர் ஆஃபீஸ் என்னும் தொகுப்பை அதில் நிறுவிக்கொள்ளலாம். கடிதமும் கணக்கும் அதிலேயே நடக்கும். எக்ஸெலில் கற்றவன் அதில் திகைக்க நேராது.

கல்லூரி விடுமுறையில் பிள்ளை வீட்டிற்கு வந்ததும், "என்ன படித்தாய்?" என்று கேட்பதைவிட, சென்ற போகத்தின் செலவுச் சீட்டுகளை அவன் கையில் கொடுத்து, விரிதாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கூலியை மாற்றினால் மொத்தம் மாறுகிறதா என்று பாருங்கள். உங்கள் வங்கிப் புத்தகத்து எண்ணை அடிக்கச் சொல்லி, கோப்பை மூடித் திறந்தபின் முதலிலக்கமும் கடைசியிலக்கமும் அங்கேயே இருக்கின்றனவா என்று விரல்வைத்துப் பாருங்கள். மகளாயின் அவளையும் இவ்வாறே சோதியுங்கள். நம் வட்டாரத்தில் இவ்வேலையைப் பிழையின்றிச் செய்து காட்டியவர்களுள் பெண்களே மிகுதி.