சோற்றைக் குறைத்தால் போதுமா?

கேள்வி: வயது 48. மாதவிடாய் நிற்கும் கட்டம், இடுப்பு பெருத்துவிட்டது. சோற்றை அடியோடு விட்டுவிடலாமா?

பதில்: குறையுங்கள், விட வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்கிறது. தசையும் எலும்பும் கூடவே தேய்கின்றன. ஆகவே சோறு குறைந்த இடத்தில் தட்டில் என்ன வந்து உட்காருகிறது என்று பாருங்கள். நம் நாட்டவர் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து என்றது 2025-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு. அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாக அதில் தெரியவில்லை; பருப்பு, பால் புரதம் வந்தால் குறைகிறது. (இரவில் நாலு சப்பாத்தியை ‘டயட்’ என்பவர்கள் கவனிக்க.) இரண்டு கரண்டி சோறு, கிண்ணம் நிறையச் சுண்டல், கீரைக்கூட்டு, மீன் அல்லது தயிர் போதும். மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் கீட்டோ உணவுமுறையில் எடை மளமளவென்று இறங்குகிறதே என்பீர்கள்; முதல் வாரம் போவதில் பெரும்பகுதி தண்ணீர். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால், சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் மருந்தளவைப் பேசிவிடுங்கள்.