நாயின் கழுத்து நரம்புத்தண்டு நெருக்கமும் ரண சிகிச்சையும்

பட்டியையும் களத்தையும் காக்கும் நாய் ஒரு நாள் தலையைத் தாழ்த்தியபடி அசையாது நிற்கிறது, தூக்கினால் அலறுகிறது. பின்னர்ப் பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன, முன்னங்கால்களும் சோர்கின்றன. வாதம் கண்டுவிட்டதெனக் கைவிடுவதும், கழுத்தில் சூடு போடுவதும் நம்மிடையே உள்ள வழக்கம். இரண்டும் தவறு.

நாயின் கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. முதல் இரண்டின் இடையே தவிர, ஏனையவற்றின் நடுவே மெத்தை போன்ற தட்டுகள் அமைந்திருக்கின்றன. தட்டு கெட்டுப் பிதுங்கினால், அதன் மேலே எலும்புக் குழாயினுள் செல்லும் நரம்புத்தண்டு நசுங்குகிறது. டாஷ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களில் தலையை ஒட்டிய பகுதியிலும், டாபர்மன் போன்ற பெரிய நாய்களில் தோளை ஒட்டிய பகுதியிலும் இது மிகுதி.

வெறிநோயிலும் கால்கள் சோர்வதுண்டு. ஆகையால், தடுப்பூசி போடாத நாய் தள்ளாடினால் அதன் வாயருகே கை கொண்டு செல்லலாகாது. தனியே அடைத்துக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்புக.

வலி மட்டுமே உள்ள நாய்க்குச் சில வாரங்கள் குறுகிய இடத்தில் ஓய்வும் மருந்தும் பெரும்பாலும் போதும். மனிதருக்குரிய வலி மாத்திரைகளைக் கொடுத்தல் ஆபத்து. வலி தீராவிடினும், கால்கள் விழுந்தாலும் ரண சிகிச்சை வேண்டும். ஸ்கேன் எடுத்து நெருக்கம் உள்ள இடத்தை முதலில் அறிவர்.

முதுகெலும்பு மேலே இருக்கத் தொண்டைப் பக்கம் ஏன் அறுக்கிறார்கள் என்று வியக்கலாம். பிதுங்கிய தட்டு நரம்புத்தண்டின் அடியில் கிடக்கிறது. மேலிருந்து சென்றால் தண்டே குறுக்கே நிற்கும். எனவே நாயை மல்லாத்தி, மூச்சுக் குழலையும் உணவுக் குழலையும் ஒதுக்கி, தட்டு உள்ள இடத்தில் எலும்பைக் குடைந்து, பிதுங்கியதை எடுத்துவிடுகின்றனர். துளையின் அகலம் எலும்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாதிருத்தல் நலம். மிகுந்தால் கழுத்து உறுதி குலையும்; இரு பக்கத்து இரத்தக் குழாய்களும் அறுபடக்கூடும். நெருக்கம் மேலிருந்து வந்தால் மட்டும் பிடரி வழியே எலும்புக் கூரையை நீக்குவர்.

நடக்கும் நிலையிலேயே கொண்டுவரப்பட்ட நாய்கள் பெரும்பாலும் தேறுகின்றன. எமது வட்டாரத்தில் ஆடு மேய்க்கும் ஒருவர் 6 நாட்கள் எண்ணெய் தேய்த்துப் பார்த்த பின்னரே வந்தார். அதற்குள் மூச்சும் திணறியது, நாய் பிழைக்கவில்லை.

இச்சிகிச்சை கிராம மருந்தகத்தில் நடைபெறுவதன்று. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய நிலையங்களையே நாட வேண்டும். செலவு சிறு விவசாயிக்குப் பெரிது என்பதை மறைப்பதற்கில்லை. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் வண்டிக்கேனும் ஏற்பாடு செய்து தரலாம். நாயைப் பலகையில் கிடத்தி, கழுத்து அசையாமல் கொண்டு செல்லுக. திரும்பி வந்தபின் கழுத்துப் பட்டை கட்டாது மார்புப் பட்டையே கட்டுக. எழ இயலாத நாயைச் சில மணிக்கொருமுறை புரட்டிக் கிடத்துக.