சுடர் மட்டும் ஆடினால் போதும்

ஒரு பட்டுக்கடைக்குத் தீபாவளி வலைப்பக்கம் செய்துகொடுத்தேன். முகப்பில் குத்துவிளக்கு எரிய வேண்டும் என்றார் முதலாளி. 800க்கு 600 பிக்சலில் 48 ஃபிரேம் கொண்ட ஜிஃப் ஒன்றைச் செய்து ஏற்றினேன். என் அறையின் வைஃபையில் அழகாக எரிந்தது. மறுநாள் காலையில் போன்: "தம்பி, ஊர்ல எங்கம்மா போன்ல வெறும் வட்டம்தான் சுத்துதாம்." ஃபைலைப் பார்த்தேன். 7 எம்பி.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இணையத்தில் கிடைத்த சுருக்கும் கருவிகளில் ஒன்றுவிடாமல் போட்டு எடுத்தேன். 5 எம்பிக்குக் கீழே இறங்க மறுத்தது. நான் வரைந்த லட்சணத்துக்குக் கருவி என்ன செய்யும்?

பின்னணியில் அரக்குச் சிவப்பு மெல்ல மெல்லக் கறுப்பாக மங்கும்படி வைத்திருந்தேன். ஜிஃப் 1987-இல் வந்த வடிவம்; ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம்தான். இல்லாத நிறத்தை இருப்பதுபோல் காட்ட, மென்பொருள் பொடிப்பொடியாகப் புள்ளி தூவிவிடும். டிதரிங் என்பார்கள். ஜிஃபின் சுருக்கும் முறையோ, பிக்சல்களை வரிசையாகப் படித்துக்கொண்டே போய், முன்பு வந்த கோவை மறுபடி வந்தால் அதற்கு ஒரு சின்னக் குறியீட்டைப் போட்டு இடத்தை மிச்சம்பிடிப்பது. ஒரே நிறம் நீளமாக ஓடினால் அதற்குக் கொண்டாட்டம். புள்ளி தூவிய இடத்தில் எதுவும் ஒழுங்காகத் திரும்ப வராது. டிதரிங்கை நிறுத்திப் பின்னணியை ஒரே அரக்காக்கியதும் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் படம் செத்துப்போயிருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. அந்தப் படத்தில் ஆடுவது சுடர் ஒன்றுதான். தண்டும் பூச்சரமும் பட்டு மடிப்பும் சும்மா நிற்கின்றன. அவற்றை ஏன் 48 ஃபிரேமிலும் சுமக்க வேண்டும்? நிற்பதையெல்லாம் ஒரே ஜேபெக் ஆக்கினேன்: 60 கேபி, மங்கும் அரக்கும் திரும்பி வந்தது. சுடரை மட்டும் 90க்கு 140 அளவில் வெட்டி, எட்டு ஃபிரேமை ஒரே நீள ஜிஃப் படமாக அடுக்கி, சிஎஸ்எஸ்ஸின் ஸ்டெப்ஸ் கொண்டு நகர்த்தினேன். ஜிஃபில் ஒரு பிக்சல் தெரியும், அல்லது தெரியாது. பாதி ஒளி என்பது கிடையாது. அதனால் சுடரைச் சுற்றி வெள்ளைப் பிசிறு அடித்தது. வெப்பி வடிவத்துக்கு மாற்றியதும் பிசிறு போயிற்று. அது ஒரு 25 கேபி.

ஃபைல் அளவை மட்டும் பார்க்கிறவர்கள் கோட்டைவிடும் கணக்கு ஒன்று உண்டு. எவ்வளவு சுருக்கினாலும், திரையில் காட்டும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் நினைவகத்தில் விரித்தாக வேண்டும். பழைய ஜிஃபின் ஒரு ஃபிரேமே 19 லட்சம் பைட். 48-ஐயும் விரித்துவைத்தால் 9 கோடியைத் தாண்டும். சுடர்ப் படம் மொத்தமும் 4 லட்சம்.

வேகத்திலும் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். ஜிஃபில் ஃபிரேமுக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு என்று கொடுத்தால் பறக்கும் என்று நினைத்தேன். உலாவிகள் அதைப் பத்தில் ஒரு பங்காக எடுத்துக்கொண்டு நகர்ந்தன. சுடருக்கு அவ்வளவு அவசரமும் வேண்டாம். நொடிக்குப் பத்து ஃபிரேம் தாராளம்.

தறி ஓடும் காட்சி போல முழுப்படமும் அசைந்தால் ஜிஃபே வேண்டாம், ஒலியில்லாத எம்பி4 போடுங்கள். கோலம் வரைவது போன்ற கோட்டு வேலைக்கு எஸ்விஜி. ஒரு சுடருக்காக அனிமேஷன் லைப்ரரி ஒன்றையே இறக்குவது, கடுகு வாங்க லாரி பிடிக்கிற கதை.

புதுப் பக்கம் ஏறியதும் மறுபடி போன் வந்தது. அம்மாவின் போனில் பின்னணி முதலில் வந்து, சுடர் சற்றுப் பிந்தியிருக்கிறது. "நல்ல நாளும் அதுவுமா விளக்கு மலையேறிக் கிடக்கேன்னு அம்மா கேக்குறாங்க தம்பி." பின்னணிப் படத்திலேயே ஒரு சின்னச் சுடரை வரைந்து சேர்த்தேன். எட்டு ஃபிரேமில் எது மேலே வந்தாலும் மறைந்துபோகும் அளவுக்கு, திரியை ஒட்டினாற்போல.