புறக்கோட்டைக் கடையைத் தேடுபொறியில் மேலே கொண்டுவருவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கொழும்பில் ஒரு சாமான் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் பாதிப்பேர் கடைப் பெயரைச் சொல்லமாட்டார்கள், தெருப் பெயரைத்தான் சொல்வார்கள். போனும் மின்சாமானும் என்றால் முதலாம் குறுக்குத் தெரு. புடவைக்கு இரண்டாம், மூன்றாம் குறுக்குத் தெருக்கள். வெங்காயமும் பருப்பும் செத்தல் மிளகாயும் மூட்டைக் கணக்கில் வேண்டுமா, நான்காம் குறுக்குத் தெரு. நகைக்குச் செட்டியார் தெரு, நாட்டு மருந்துக்குக் கபோஸ் லேன். தெருவே விளம்பரமாக இருந்ததால் முதலாளிமாருக்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை.

இப்போது மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ கொள்முதலுக்கு வருகிற இளையவர், பஸ் ஏறுமுன்பே போனில் தேடிவிடுகிறார். திரையில் முதலில் வருகிற மூன்று நான்கு கடைகளின் பெயரோடுதான் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே வந்து இறங்குகிறார். அந்த மூன்று நான்கில் ஒன்றாக உங்கள் கடை வருவதற்கு என்ன செய்யலாம் என்பதைக் கொம்பியூட்டர் படிக்காதவருக்கும் விளங்கும்படி சொல்லிப்பார்க்கிறேன். இதில் பெரும்பாலான வேலைகளுக்குக் காசு தேவையில்லை. பொறுமை தேவை.

‘ஐந்நூறு டிரெக்டரியில் பதிந்து தருகிறோம்’

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. உங்கள் தளத்தை நூற்றுக்கணக்கான இணைய டிரெக்டரிகளில் பதிந்து கூகுளில் முதலிடம் வாங்கித் தருவதாக யாராவது வந்தால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. 1994இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களான ஜெரி யாங்கும் டேவிட் பைலோவும் தங்களுக்குப் பிடித்த தளங்களை வகைபிரித்து ஒரு பட்டியல் போட்டார்கள். அதுதான் யாஹூ. 1998இல் தொடங்கிய டிமோஸ் என்ற திறந்த டிரெக்டரியில் தொண்டர்களே ஒவ்வொரு தளத்தையும் பார்த்துச் சேர்த்தார்கள். மனிதர் பார்த்துச் சேர்த்த பட்டியல் என்பதால் அதற்கு மதிப்பு இருந்தது. கூகுளும் அதை எடுத்துத் தன் பெயரில் ஒரு டிரெக்டரி நடத்தியது. கூகுளின் டிரெக்டரி 2011இலும், யாஹூவினுடையது 2014 முடிவிலும், டிமோஸ் 2017 மார்ச்சிலும் மூடப்பட்டன. பதிவதற்கென்றே முளைத்த போலி டிரெக்டரிகள் மிஞ்சின. 2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்த பிறகு, அப்படிப்பட்ட டிரெக்டரிகளிலிருந்து வரும் இணைப்புகளைக் குவித்து வைத்திருந்த தளங்கள் கீழே தள்ளப்பட்டன. காசு கொடுத்துத் தலையில் மண் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இன்று பயன் தருகிற டிரெக்டரிகள் ஒரு கைவிரலுக்குள் அடங்கும். அவற்றுக்கு வருவோம்.

படி 1: பெயர், விலாசம், தொலைபேசி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்

கேட்கச் சிறுபிள்ளை வேலை போலிருக்கும். ஆனால் உங்கள் பில் புத்தகம், பெயர்ப்பலகை, முகநூல் பக்கம், வட்ஸ்அப் கணக்கு நான்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ‘ஸ்டோர்ஸ்’, இன்னொன்றில் ‘டிரேடர்ஸ்’. ஒன்றில் தகப்பனார் காலத்து இலக்கம், மற்றதில் மகனுடைய கைத்தொலைபேசி. விலாசத்தில் ஓரிடத்தில் புறக்கோட்டை, ஓரிடத்தில் கொழும்பு 11, இன்னோரிடத்தில் இரண்டுமில்லை.

தேடுபொறி பல இடங்களில் கிடைக்கும் விபரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் ஒரு கடையை அடையாளம் காண்கிறது. விபரம் முரண்பட்டால் அது உங்களை இரண்டு கடைகளாக எண்ணிவிடும், அல்லது பிழையான இலக்கத்தை வாடிக்கையாளருக்குக் காட்டிவிடும். ஆகவே கடையின் பெயர், கதவிலக்கம், மாடி, கடைத்தொகுதியின் பெயர், தெரு, கொழும்பு 11, தொலைபேசி என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு முறை சரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி எங்கே பதிந்தாலும் அந்தத் தாளைப் பார்த்தே பதிய வேண்டும்.

படி 2: கூகுள் வரைபடத்தில் பதியுங்கள்

ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ‘கூகுள் பிஸ்னஸ் புரொபைல்’ என்பது இலவசம். கடைகளைத் தேடும்போது வரைபடத்தோடு மேலே வருகிற பட்டியல் இதிலிருந்துதான் வருகிறது. அந்தப் பட்டியலின் வரிசையை மூன்று விடயங்கள் தீர்மானிப்பதாகக் கூகுளே சொல்கிறது: தேடியதற்கும் உங்கள் வியாபாரத்துக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் உங்கள் கையில்.

முதலில் கடைப் பெயரை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். யாரோ ஒரு வாடிக்கையாளர் ஏற்கெனவே சேர்த்திருக்கக்கூடும். இருந்தால் புதிதாகத் தொடங்காமல் அதையே உரிமை கோருங்கள். ஒரே கடைக்கு இரண்டு பதிவுகள் இருந்தால் விமர்சனங்களும் இரண்டாகப் பிரிந்துவிடும்.

உங்களுடைய கடைதான் என்று நிரூபிக்கக் காணொளி கேட்கப்படலாம். தெருப் பெயர்ப்பலகை, கடைப் பெயர், நீங்களே கடைக்குள் போய் லாச்சியைத் திறப்பது எல்லாம் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டும். காலை 11 மணிக்கு இரண்டாம் குறுக்குத் தெருவில் நின்று போனை உயர்த்தினால் நாட்டாமியின் தள்ளுவண்டிதான் படத்தில் விழும். கடை திறக்கிற நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

பிறகு, வரைபடத்தில் கடை இருக்கும் இடத்தைக் காட்டும் குத்தூசி. இதில்தான் புறக்கோட்டைக் கடைகள் அதிகம் அடிபடுகின்றன. ஒன்றின்மேல் ஒன்றாகக் கடைகள் அடுக்கிய தொகுதியில் குத்தூசி பத்து மீற்றர் தள்ளிப்போனாலே அது அடுத்த கடைத்தொகுதிக்குள் போய்விடும். வரைபடத்தைப் பெரிதாக்கி வாசலின் மேலேயே வையுங்கள். எத்தனையாம் மாடி, எந்தப் படிக்கட்டு என்பதையும் விலாசத்தில் எழுதுங்கள்.

வியாபார வகையைத் தெரிவு செய்யும்போது ‘கடை’ என்று பொதுவாகப் போடாமல் ‘புடவை மொத்த வியாபாரி’ போல மிக நெருங்கிய வகையைத் தேடிப் போடுங்கள். கடைப் பெயருக்குள் ‘மலிவு விலை, மொத்த விலை, புறக்கோட்டை’ என்று சொற்களைத் திணிக்காதீர்கள். பெயர்ப்பலகையில் உள்ள பெயர்தான் இருக்க வேண்டும் என்பது விதி. மீறினால் பதிவே இடைநிறுத்தப்படலாம்.

திறக்கும் நேரத்தையும் அலட்சியம் செய்ய வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மூடுகிற கடையானால் அன்றைக்குக் காலை, மாலை என்று இரண்டு நேரங்களாகப் பதியலாம். போயா நாளைக்கும் தீபாவளி, பெருநாள், சித்திரைப் புத்தாண்டு நாட்களுக்கும் விசேட நேரம் போட வசதி உண்டு. திறந்திருப்பதாகப் பார்த்துப் பதுளையிலிருந்து வந்த மனிதர் பூட்டிய கதவைப் பார்த்தால், அவர் எழுதப்போகும் விமர்சனத்தை எந்த நிபுணராலும் அழிக்க முடியாது.

படி 3: மற்றப் பதிவேடுகள்

ஸ்ரீலங்கா டெலிகொம் நிறுவனத்தின் ரெயின்போ பேஜஸில் உங்கள் விபரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோசொப்டின் பிங் பிளேசஸ், ஐபோன் வைத்திருப்பவருக்காக அப்பிள் வரைபடம், தொண்டர்கள் நடத்தும் ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் ஆகியவற்றிலும் முதலாம் படியில் எழுதிய தாளைப் பார்த்துப் பதியுங்கள். முகநூல் பக்கத்திலும் அதே விபரம். இவ்வளவு போதும்.

படி 4: சொந்த டொமெயின்

முகநூல் பக்கம் இருக்கும்போது இணையத்தளம் எதற்கு என்று கேட்பீர்கள். முகநூலில் போட்ட பதிவு இரண்டு நாளில் கீழே போய்விடும். தளத்தில் எழுதிய பக்கம் ஆண்டுக்கணக்கில் தேடலில் வந்துகொண்டிருக்கும். டொட் எல்கே என்று முடியும் டொமெயினை, அதாவது இணைய முகவரியை, வாங்கினால் இலங்கைக் கடை என்பது வாடிக்கையாளருக்கும் தேடுபொறிக்கும் உடனே தெரியும். 2010 முதல் டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் முகவரியும் இருக்கிறது. ஆசையிருந்தால் அதையும் எடுத்துப் பிரதான முகவரிக்குத் திருப்பிவிடலாம். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் எல்லோருடைய போனிலும் தமிழ் விசைப்பலகை இல்லை.

படி 5: தளத்தில் என்ன எழுதுவது?

‘எமது நிறுவனம் தரத்திலும் சேவையிலும் முன்னணி வகிக்கிறது’ என்று எழுதிய பக்கத்தை யாரும் தேடுவதில்லை. வாடிக்கையாளர் கடையில் வந்து கேட்கிற கேள்விகள்தான் அவர் கூகுளில் எழுதுகிற கேள்விகள். ஒரு வாரம் காசாளர் மேசையில் ஒரு கொப்பியை வைத்து, வந்தவர்கள் கேட்டதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆகக் குறைந்தது எத்தனை துண்டு எடுக்க வேண்டும்? யாழ்ப்பாணத்துக்கு லொறியில் போட்டு விடுவீர்களா? கிழிந்திருந்தால் மாற்றித் தருவீர்களா? சில்லறையும் உண்டா? இவற்றுக்குப் பதில் எழுதினாலே நல்ல தளத்தின் பாதி முடிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொட்டாதீர்கள். பள்ளிச் சீருடைத் துணிக்கு ஒரு பக்கம், சாரத்துக்கு ஒரு பக்கம், திரைச்சீலைக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு: ‘பள்ளிச் சீருடைத் துணி, மொத்த விலை, புறக்கோட்டை’ என்பதுபோல. தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் இந்தத் தலைப்புத்தான். தளத்தின் உள்ளே மறைவாகக் குறிச்சொற்களை அடுக்குகிற பழைய வழக்கத்தை விட்டுவிடலாம். வரிசைப்படுத்துவதற்கு அவற்றைப் பார்ப்பதில்லை என்று 2009இலேயே கூகுள் அறிவித்துவிட்டது.

எந்தச் சொல்லுக்குப் போட்டியிடுவது என்பதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். நான்காம் குறுக்குத் தெரு வியாபாரி ‘பெரிய வெங்காயம் விலை’ என்ற தேடலில் முதலிடம் பிடிக்க நினைத்தால் அது வீண். மத்திய வங்கியே புறக்கோட்டை மொத்த விலையை அன்றாடம் வெளியிடுகிறது, பத்திரிகைகளும் எழுதுகின்றன. அவர்களை உங்களால் முந்த முடியாது. ‘வெள்ளவத்தை ஹோட்டல்களுக்கு வெங்காயம் மூட்டைக்கணக்கில் கொண்டுவந்து தருவோர்’ என்பதை மத்திய வங்கி எழுதப்போவதில்லை. அங்கே நீங்கள் வெல்லலாம். தேடுகிறவர் குறைவு, ஆனால் அவர் வாங்குகிறவர்.

இன்னொன்று, வழி சொல்லும் பக்கம். கோட்டை ரயில் நிலையத்திலிருந்து எப்படி நடப்பது, சம்மாங்கோட்டுப் பள்ளி என்று நம்மவர் சொல்லும் சிவப்புப் பள்ளிவாசலிலிருந்து எந்தப் பக்கம், வான் எங்கே நிறுத்தலாம் என்று நாலு வரி. அந்தப் பள்ளிவாசலைத் தேடுவோர் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

மூன்று மொழி வாடிக்கையாளர் வருகிற ஊர் இது. மூன்று மொழியிலும் தனித்தனிப் பக்கம் போடுவது நல்லது. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாமல், அந்த மொழி பேசுகிற உங்கள் ஊழியர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

படி 6: பாமினியைக் கைவிடுங்கள்

நம் நாட்டு அச்சகங்களும் வடிவமைப்பாளர்களும் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவில்தான் தமிழ் அடித்துவருகிறார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கொம்பியூட்டரில் தமிழ் தெரியும். உள்ளே இருப்பதோ அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம். தேடுபொறி படிப்பது உள்ளே இருப்பதைத்தான். உங்கள் தளம் தமிழில் இருந்தும் தமிழில் தேடினால் வரவில்லையென்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். தேடுபொறி படிக்கக்கூடிய யுனிகோட் எழுத்து முறைக்கு மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சிங்களப் பக்கங்களுக்கும் இதே நோய் உண்டு.

விலைப்பட்டியலைப் போஸ்டர் படமாகப் போடுவதும் இதே வகைப் பிழைதான். போஸ்டர் இருக்கட்டும், அதில் உள்ளதைக் கீழே எழுத்திலும் தாருங்கள்.

படி 7: வேகம்

போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் 4, 5 எம்பி இருக்கும். இருபது புடவைப் படம் போட்ட பக்கம் டேட்டா குறைந்த போனில் திறக்கவே திறக்காது. படங்களைச் சுருக்குங்கள். பக்கத்தின் முக்கிய பகுதி 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். ‘பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்’ என்ற இலவசக் கருவி உங்கள் நிலையைச் சொல்லும். தளத்தின் போன் வடிவத்தைத்தான் கூகுள் படிக்கிறது, ஆகவே சோதிப்பதையும் போனிலேயே சோதியுங்கள்.

படி 8: விமர்சனமும் இணைப்பும்

விமர்சனம் எழுதினால் கழிவு தருகிறோம் என்று சொல்வது விதிக்குப் புறம்பு. உறவினரை வைத்து எழுதுவிப்பதும் அப்படியே. திருப்தியாகப் போகிறவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், பில்லின் அடியில் கியூஆர் குறி அச்சடியுங்கள். திட்டி எழுதியவருக்கும் மரியாதையாகப் பதில் போடுங்கள். அதைப் படிக்கப்போவது அவர் மட்டுமல்ல.

மற்றத் தளங்களிலிருந்து இணைப்பு வேண்டுமென்றால் இருக்கிற உறவுகளைப் பயன்படுத்துங்கள். ஒரு கம்பனியின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளராக இருந்தால் அவர்களுடைய விற்பனையாளர் பட்டியலில் உங்கள் தள முகவரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். வர்த்தகச் சங்கத்தில் அங்கத்தவரானால் அங்கத்தவர் பட்டியலிலும். கோவில் திருவிழாவுக்கோ பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கோ அனுசரணை வழங்கினால் அவர்கள் தளத்திலும். அப்படிக் கிடைக்கிற ஐந்து இணைப்பு, முன்னே சொன்ன ஐந்நூறைவிடப் பெறுமதி.

படி 9: கணக்குப் பார்ப்பது

‘கூகுள் சேர்ச் கொன்சோல்’ என்பதில் தளத்தை இணைத்துவிட்டால், எந்தச் சொல்லைத் தேடியபோது நீங்கள் தெரிந்தீர்கள், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பது 16 மாதக் கணக்காகக் கிடைக்கும். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். நிறையப் பேருக்குத் தெரிந்தும் யாரும் உள்ளே வராத பக்கம் இருந்தால் அதன் தலைப்பை மாற்றுங்கள். நீங்கள் விற்கிற சாமானைத் தேடி வந்தவருக்குப் பக்கமே இல்லையென்றால் புதிதாக எழுதுங்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகலாம். சொந்தப் போனில் சொந்தக் கடையைத் தேடி மேலே வருகிறதென்று சந்தோஷப்பட வேண்டாம். கடைக்குள் நின்று தேடினால் தூரம் உங்கள் பக்கம் இருக்கிறது. மருதானையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒருவரைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கணக்கு யார் பெயரில்?

இவ்வளவையும் செய்ய நேரமில்லாமல் ஒரு ஆளைப் பிடித்துக் கொடுப்பீர்களானால் தவறில்லை. ஆனால் டொமெயின், வரைபடப் பதிவு, சேர்ச் கொன்சோல், முகநூல் பக்கம் நான்கும் உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட வேண்டும். வேலை செய்பவரை அவற்றில் முகாமையாளராகச் சேர்க்கலாம், உரிமையாளராகச் சேர்க்கக் கூடாது. நாளைக்கு அவர் நாட்டை விட்டுப் போனாலும் மனக்கசப்பில் பிரிந்தாலும் உங்கள் கடையின் பெயரும் அதற்கு வந்த விமர்சனங்களும் அவரோடு போய்விடக் கூடாது. ஏற்கெனவே தளம் இருக்கிறதென்றால், டொமெயின் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.