புது வண்டி மக்கர் செய்தால்

ஜீவனஹள்ளியில் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் கடன் வாங்கிப் புது மோட்டார் சைக்கிள் எடுத்தார். வேளாங்கண்ணி வரை ஓட்டிப் போக ஆசை. ஓசூர் தாண்டும் முன்பே இன்ஜின் மிஸ்ஸிங் அடித்தது. வண்டி விட்டு விட்டு இழுத்தது.

"ஓட்ட ஓட்டச் சரியாகும்" என்றார்கள் ஷோரூமில். மூன்று முறை சர்வீசுக்கு விட்டார். மூன்று ஜாப் கார்டிலும் 'சர்வீஸ்' என்ற ஒரே சொல். மிஸ்ஸிங் பற்றி ஒரு வரி இல்லை. தவணை மட்டும் மாதாமாதம் போனது.

ஓட்டுகிறவர் மேல்தான் தப்பா? 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் காயிலில் பழுது. அதனால் மிஸ்ஸிங் வரும். பழுதான காயிலை மாற்றித் தருவதாக நிறுவனமே அறிவித்தது.

சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறதா? அது வேறு. வாங்கும் முன் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

பழுது என்றால் வாயால் சொன்னது போதாது. ஜாப் கார்டில் குறையை எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். இதற்குத்தானே எழுத்து கற்றீர்கள்! நகலை வாங்கி வையுங்கள்.

அப்படியும் தீரவில்லையா? 1915 எண்ணுக்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். வண்டி விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயம் இல்லை.