அலைக்கும் மழைக்கும் ஒரே மாதம்

ஜூன் மாதத்தில் இராமக்கல்மேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே குடை விரிக்க முடியாது. கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து இறங்கும் காற்று ஆளையே ஓரடி நகர்த்திவிடும். அந்த மேட்டில் சுற்றும் காற்றாலைகளுக்கும், 1995-இல் கேரள மின்வாரியம் பாலக்காட்டுக் கணவாயில் கஞ்சிக்கோட்டில் நிறுத்திய ஒன்பது காற்றாலைகளுக்கும் தீனி ஒன்றுதான்: அரபிக்கடலைத் தாண்டி வரும் தென்மேற்குப் பருவக்காற்று. கரையேறும் முன்பே அந்தக் காற்று கடலில் ஒரு வேலை செய்துவிட்டு வருகிறது. அந்த வேலைக்குப் பெயர்தான் அலை.

அதனால் கடல் மின்சாரம் பற்றி மூணாறிலும் கொழிஞ்சாம்பாறையிலும் பேசுவது பொருத்தமில்லாத பேச்சு அல்ல. கரண்டுக்காக ஆற்றைக் கொடுத்த ஊர்கள் இவை. 1940-இல் பள்ளிவாசல் மின்நிலையம், 1976-இல் இடுக்கி. அடுத்தது கடலின் முறை என்கிறார்கள். அணை வேண்டாம், புகை இல்லை, அலை சும்மாதானே அடிக்கிறது என்று பல இடங்களில் கேட்கிறேன். இந்தப் பேச்சில் சில நம்பிக்கைகள் ஊன்றிவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: அலை ஓய்வதே இல்லை, அலை மின்சாரமும் ஓயாது.

அலை ஓயாது என்பது உண்மை. அதே அளவில் அடிக்காது என்பதும் உண்மை. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரம் பாதியானால் ஆற்றல் கால்வாசிதான்.

இதை ஊகமாகச் சொல்ல வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் 1991-லேயே அலை மின்நிலையம் ஓடியது. மத்திய அரசின் கடல் மேம்பாட்டுத் துறை பணம் கொடுக்க, சென்னை ஐஐடி பொறியாளர்கள் வடிவமைத்தார்கள். மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கு (மலையாளத்தில் புலிமுட்டு) வெளியே, சுமார் 3,000 டன் எடையுள்ள ஒரு கான்கிரீட் பெட்டியைக் கடலடியில் உட்கார வைத்தார்கள்.

அது எப்படி வேலை செய்தது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, மூடியில்லாமல் பக்கெட் தண்ணீரில் நேராக அமுக்குங்கள். வாயருகே உள்ளங்கையை வைத்தால் காற்று புஸ்ஸென்று வந்து மோதும். மேலே தூக்கினால் உள்ளே இழுக்கும். விழிஞ்ஞத்தில் பெட்டி அசையவில்லை, தண்ணீர் ஏறி இறங்கியது. காற்று வெளியேறும்போதும் உள்ளே போகும்போதும் ஒரே பக்கமாகச் சுற்றும் ஒரு டர்பைனைப் பெட்டியின் வாயில் பொருத்தியிருந்தார்கள். பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஆலன் வெல்ஸ் 1970-களில் கண்டுபிடித்த வடிவம் அது.

அதன் உச்சத் திறன் 150 கிலோவாட். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சராசரியாக 75 கிலோவாட், டிசம்பர் முதல் மார்ச் வரை 25 கிலோவாட் கிடைக்கும் என்று கணக்கிட்டு வடிவமைத்தார்கள். மாதக் கணக்கை விடுங்கள், ஒரே நிமிடத்துக்குள்ளேயே ஏற்ற இறக்கம் உண்டு. ஒவ்வோர் அலைக்கும் கரண்டு பொங்கி வடியும்.

இப்போது இந்த மாதங்களை இடுக்கியின் மாதங்களோடு வைத்துப் பாருங்கள். குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே அணை நிரம்புவது எப்போது? அதே தென்மேற்குப் பருவமழையில். காற்றாலைகள் வேகமெடுப்பதும் அப்போதுதான். கேரளத்துக்குக் கரண்டு போதாமல் போவதோ பரீட்சை நடக்கும் மார்ச் மாதத்தில், மின்விசிறி நிற்காத ஏப்ரலில். அணை வற்றி, வாரியம் வெளிமாநிலத்தில் கரண்டு வாங்கும் காலம் அது. கடல் அதிகம் கொடுப்பதோ ஜூன், ஜூலையில். அப்போது மலையே வேண்டிய அளவு கொடுத்துக்கொண்டிருக்கும். அலை மின்சாரம் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அணையின் குறையை அலை தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால், எந்த மாதத்தில் என்று கேட்க வேண்டும்.

நம்பிக்கை: அலை கரையில் மோதி வீணாகிறது.

எதுவும் வீணாகவில்லை. கரையை ஒட்டி மணலைச் சுமந்து போவது அலை. ஓரிடத்தில் அரிப்பது, இன்னோரிடத்தில் சேர்ப்பது எல்லாம் அதன் கணக்கில்தான். ஆலப்புழைக் கடற்கரையில் பருவமழைக் காலத்தில் ‘சாகரை’ வரும். கடலடிச் சேறு கிளர்ந்து மேலே வந்து, அலையின் வேகத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். சுற்றிலும் கடல் கொந்தளிக்க, அந்தத் துண்டு மட்டும் குளம் போலக் கிடக்கும். மீன் அங்கே கூடும், சிறுபடகுகளும் அங்கே போகும். அலை எங்கே அடங்குகிறது, எங்கே அடிக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தக் கரையின் அடுப்பு எரிகிறது.

அளவையும் யோசிக்க வேண்டும். இடுக்கி மின்நிலையம் 780 மெகாவாட். விழிஞ்ஞத்தின் 150 கிலோவாட்டில் அதை எட்ட 5,200 பெட்டிகள் வேண்டும். நூறு மீட்டருக்கு ஒன்று வைத்தாலும் 520 கிலோமீட்டர் ஆகிறது. கேரளத்தின் கடற்கரை மொத்தமே சுமார் 590 கிலோமீட்டர். அதுவும் உச்சத் திறனில் போட்ட கணக்கு. இன்றைய கருவிகள் முன்னேறியிருக்கின்றன, உண்மை. ஆனாலும் 2022 நவம்பரில் சென்னை ஐஐடி தூத்துக்குடிக்கு 6 கிலோமீட்டர் அப்பால், 20 மீட்டர் ஆழத்தில் சோதித்த ‘சிந்துஜா-1’ கொடுத்தது 100 வாட். ஒரு மின்விசிறிக்கும் ஒரு விளக்குக்கும் போதும். அந்த முயற்சியை மதிக்கிறேன். மெகாவாட் அளவுக்கு வளர்ப்பதே அவர்களுடைய இலக்கு. வளர்த்து எங்கே நிறுத்துவார்கள் என்ற கேள்வியும் கூடவே வளர வேண்டும். தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் 1986 முதல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கின்றன.

நம்பிக்கை: கடலில் நிலம் எடுக்க வேண்டியதில்லை, யாரும் குடிபெயர வேண்டாம்.

பட்டா இல்லை என்பதால் உரிமைக்காரர் இல்லை என்றாகாது. விழிஞ்ஞம் பக்கத்து மீனவர்களுக்குக் கடலடிப் பாறைத் திட்டுகள் ஒவ்வொன்றும் தெரியும். ‘பார்’ என்பார்கள். கரைக்குத் திரும்பிப் பார்த்து, ஒரு கோயில் கோபுரத்தையோ தேவாலயத்தையோ பின்னால் தெரியும் மலை முகட்டோடு ஒரு கோட்டில் வைப்பார்கள். பக்கவாட்டில் இன்னொரு சோடி அடையாளம். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கீழே பார் இருக்கும், தூண்டில் இறங்கும். ‘கணிச்சம்’ என்று அதற்குப் பெயர். நாம் குடியிருக்கிற இதே மேற்குத் தொடர்ச்சி மலை அவர்களுக்குக் கடலில் வழிகாட்டும் கல். அந்தப் பாரின் மேல் நங்கூரச் சங்கிலியும் கேபிளும் இறங்கி, பாதுகாப்பு என்று சொல்லிச் சுற்றிலும் படகு வரக் கூடாதென்றால், அதுவும் குடிபெயர்ப்புதான். வீடு இருந்த இடத்தில் இருக்கும், பிழைப்பு மட்டும் போயிருக்கும்.

நம்பிக்கை: சுத்தமான கரண்டு, மீனுக்குக் கேடில்லை. எதிர்நம்பிக்கை: மிஷின் வந்தால் மீன் அழிந்துவிடும்.

இரண்டும் தவறு. ஒன்றிரண்டு கருவிகளால் பெரிய பாதிப்பு தெரியவில்லை என்பதே உலக அளவில் ஆய்வுகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டுப் பன்னாட்டு அறிக்கையின் முடிவு. கருவிகளின் அடியில் சிப்பி படர்ந்து மீன் கூடுவதும் உண்டு. ஆனால் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அனுபவத்தில் பார்த்தவர் எவரும் இல்லை. அப்படிப்பட்ட வரிசை உலகில் எங்குமே ஓடவில்லை. போர்ச்சுகலில் 2008-இல் பெலாமிஸ் என்ற அலை மின்கருவிகள் மூன்றைக் கடலில் இறக்கினார்கள், சில மாதங்களில் கரைக்கு இழுத்துவிட்டார்கள்.

கருவிகளின் இரைச்சலைவிட எனக்கு மணல்தான் பயம். கருவி அலையின் பலத்தை எடுத்துக்கொண்டால், அதன் பின்னால் கடல் அடங்கும், மணல் படியும். பக்கத்துக் கரைக்கு வர வேண்டிய மணல் வராது. கடலுக்குள் கல் போட்டு அலையை மறித்தால் மணல் எப்படிப் பழிவாங்கும் என்பதற்குத் திருவனந்தபுரம் மாவட்டத்து முதலப்பொழி சாட்சி. புலிமுட்டு கட்டிய அந்தத் துறைமுக வாயில் மணல் மூடி, அலை திரண்டு, படகுகள் கவிழ்ந்து பல மீனவர்கள் இறந்திருக்கிறார்கள்.

அதனால் என் பக்கம் இது: புதுக் கடலைத் தொடாமல், ஏற்கெனவே நிற்கும் சுவரில் தொடங்கலாம். ஸ்பெயினின் பாஸ்க் கரையில் முத்ரிக்கு என்ற சிற்றூரில், துறைமுகத்துக்கென்று கட்டிய தடுப்புச் சுவரின் உள்ளேயே 16 டர்பைன்களை வைத்தார்கள். 2011 முதல் ஓடுகிறது. மொத்தம் 296 கிலோவாட்தான். ஆனால் அதற்கென்று கடலில் தனியாக ஒரு கல்கூடப் போடவில்லை. துறைமுகத்து ஐஸ் பிளாண்டுக்கும் குடிநீருக்கும் அந்த அளவே பெரிய உதவி. விழிஞ்ஞத்தில் 2004-இல் அதைச் செய்தும் காட்டினார்கள்: அலை மின்சாரத்தைக் கொண்டு நாளுக்கு 10,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம்.

நம்பிக்கை: கடற்கரைச் சட்டம்தான் விழிஞ்ஞத்தை மூடவைத்தது.

இல்லை. முதல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்ததும் விழிஞ்ஞம் ஓடத் தொடங்கியதும் ஒரே ஆண்டு, 1991. இரண்டும் இருபது வருடம் சேர்ந்தே இருந்தன. 2011-இல் நிலையத்தை நிறுத்தியபோது அது ஆய்வுக்கான தன் வேலையை முடித்திருந்தது. அந்த விலையில் அந்த அளவு கரண்டு கட்டுப்படியாகவும் இல்லை. மரபுசாரா மின்சாரத்துக்கு அதே அறிவிக்கையின் 2011, 2019 வடிவங்கள் இடம் தருகின்றன. தாழ்நீர்க் கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரையான கடலும் அதன் எல்லைக்குள் வருகிறது. என் குறை வேறு: இடம் தரும் சட்டம், மீனவரின் பார்களை வரைபடத்தில் குறித்துக்கொண்ட பிறகே இடம் தர வேண்டும் என்று சொல்லவில்லை.

நம்பிக்கை: அது கடற்கரைக்காரர் பாடு, மலையில் இருக்கிற நமக்கென்ன?

1970-களில் மண்ணார்க்காட்டுக்கு மேலே, அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழாவை மறித்து 120 மெகாவாட் எடுக்கத் திட்டம் இருந்தது. வேண்டாம் என்றால் மலபார் இருட்டில் கிடக்கும் என்றார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்காரர்கள் மழைக்காட்டையும் சோலைமந்தியையும் பற்றி மட்டும் பேசிவிட்டு நிற்கவில்லை. எத்தனை யூனிட், யாருக்கு, வேறு வழி என்ன என்று கணக்குப் போட்டு வீதிக்குக் கொண்டுவந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது, 1984-இல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆனது. மலபார் இருட்டில் கிடக்கவில்லை. கடலுக்கும் அப்படிக் கணக்குக் கேட்கிற அனுபவம் பாலக்காட்டிலும் இடுக்கியிலும்தான் இருக்கிறது. புலிமுட்டு பற்றி நடக்கும் பொதுவிசாரணைக்கு மலைக்காரரும் போய் உட்காரலாம்.

நாம் கொடுக்க வேண்டிய பாக்கியும் ஒன்று உண்டு. மலையில் கரைந்த மணலை ஆறுதான் கடற்கரைக்குக் கொண்டு போகிறது. அணைகள் அதை நிறுத்திவைக்கின்றன. மிஞ்சியதை லாரிகள் அள்ளின. பெரியாற்றை இடுக்கியில் மறித்திருக்கிறோம், ஆழியாற்றையும் மலம்புழாவையும் மறித்திருக்கிறோம். கரை அரிப்பதைப் பற்றிப் பேசும்போது அலையை மட்டும் குற்றம் சொல்கிறோம். குந்திப்புழாவின் அந்த மேல்பகுதி மட்டும் மறிக்கப்படாமல் இறங்கி, தூதப்புழாவாகி, பாரதப்புழாவில் கலந்து, பொன்னானியில் கடல் சேர்கிறது. ஜூன் மாதத்தில் அந்த முகத்துவாரத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கும். அலை அதை வாங்கிக் கரையோரமாகக் கொண்டு போகும்.