ஒரே கடல், ஒரே மீன். பிறகு எந்தத் தீவு?

கேள்வி: ஐயா, நானும் என் கணவரும் டொரொண்டோவில் வசிக்கிறோம். சென்ற கோடையில் ஒன்டாரியோவில் தண்ணீர் நிரம்பிய ஒரு பழைய கல்குவாரியில் ஸ்கூபா பழகி, முதல்நிலைச் சான்றிதழ் வாங்கியிருக்கிறோம். இதுவரை இருபது முறைகூட இறங்கியதில்லை. விடுமுறைக்குக் கரீபியன் போகலாம் என்று யோசனை. பொனேர், கோசுமெல், பெலீஸ், கேமன் என்று நான்கு பேர் நான்கு பெயர் சொல்கிறார்கள். அவரவர் போன இடம்தான் அவரவருக்குச் சொர்க்கம். மீன் வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டினால் எல்லா இடத்துக்கும் ஒரே மீன்களைத்தான் போட்டிருக்கிறார்கள். ஒரே கடல்தானே, பிறகு ஏன் இத்தனை வேறுபாடு? எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது செப்டம்பரில்தான். ப்ளூ ஹோலைப் பார்த்துவிட வேண்டும் என்பது கணவரின் ஆசை.
– ஒரு வாசகி, ஸ்கார்பரோ

பதில்: மீன் புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டீர்களே, அதற்கு முதலில் ஒரு சபாஷ். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் “எங்கே மீன் அதிகம்?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது பரவலான கணக்கு. கரீபியனில் அது செல்லாது. நீங்கள் கவனித்ததுதான் சரி.

சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலப்பகுதி கடலிலிருந்து எழும்பி, பசிபிக்குக்கும் கரீபியனுக்கும் நடுவே இருந்த நீர்வழியை அடைத்துவிட்டது. அதன்பின் இந்தப் பக்கத்து உயிரினங்கள் தனித்தே வளர்ந்தன, பலவும் அழிந்தன. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் கல்பவளம், அதாவது சுண்ணாம்புக் கூடு கட்டித் திட்டுகளை எழுப்பும் பவளம், 600 வகை அளவுக்கு உண்டு. கரீபியன் முழுவதையும் சேர்த்தாலும் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நீமோ படத்தில் வரும் கோமாளி மீனை அங்கே தேடவே வேண்டாம், கிடையாது. இருக்கிற மீன்களின் முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் மிதந்து தீவுக்குத் தீவு பரவிவிடுகின்றன. அதனால் பொனேரில் பார்க்கிற கிளிமீனைத்தான் பெலீஸிலும் பார்ப்பீர்கள். கோசுமெலில் ஒரு தேரைமீன் உண்டு. நீலமும் வெள்ளையுமாக வரி போட்டு, துடுப்புக்கு மஞ்சள் கரை கட்டிக்கொண்டு, பவளத்தின் அடியில் ஒளிந்திருக்கும். ஓர் இடத்துக்கே உரியது என்று சொல்லும்படியான மீன் இப்படி அபூர்வமாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் அவரவர் சொர்க்கம் எங்கே வேறுபடுகிறது? தண்ணீருக்குள் எப்படிப் போகிறீர்கள் என்பதில். கரையிலிருந்து நடந்தா, படகிலிருந்து குதித்தா, நீந்தியா, நீரோட்டத்தோடு மிதந்தா என்பதில். இதை முடிவு செய்வது மீனல்ல. தீவின் அடிநிலம் எப்படிச் சரிகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, ஓட்டம் எந்த வழியாகப் போகிறது, இவைதான் முடிவு செய்கின்றன.

பொனேரை எடுத்துக்கொள்ளுங்கள். வெனிசுவேலாக் கரைக்கு 80 கி.மீ. வடக்கே இருக்கும் டச்சுத் தீவு. அங்கே வியாபாரக் காற்று, அதாவது பாய்மரக் காலத்தில் கப்பல்களை அட்லான்டிக் கடத்திவிட்ட நிலையான கீழைக்காற்று, ஆண்டின் பெரும்பகுதி அடித்துக்கொண்டே இருக்கும். கிழக்குக் கரையில் அலை பாறையில் மோதிச் சிதறும். மேற்குக் கரை சிற்றலையோடு சாந்தமாகக் கிடக்கும். மழை குறைவு, கள்ளியும் முள்ளுமாகக் காய்ந்த ஊர், ஆறு கிடையாது. ஆறு இல்லாததால் வண்டல் வருவதில்லை; வண்டல் வராததால் கடல் கலங்குவதில்லை. சுற்றுலா விளம்பரங்கள் பளிங்கு நீர் என்று பாடுவதெல்லாம் உண்மையில் அந்த வறட்சியின் புண்ணியம். பவளத்திட்டும் கரையை ஒட்டியே வளர்ந்திருக்கிறது. சற்றுத் தூரம் நீந்தினால் பத்து மீட்டர் ஆழத்தில் திட்டின் விளிம்பு வந்துவிடும், அங்கிருந்து சரிவு.

ஆகவே பெரும்பாலான இடங்களுக்குப் படகே வேண்டாம். அங்கே எல்லோரும் வாடகைக்கு எடுப்பது பிக்அப் வண்டி. பின்னால் டேங்குகளைப் போட்டுக்கொண்டு கடலோரச் சாலையில் போனால் ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் இறங்குமிடத்தின் பெயர். பிடித்த கல்லருகே நிறுத்திவிட்டு இறங்க வேண்டியதுதான். வண்டியில் விலையுள்ள எதையும் வைக்காதீர்கள். கண்ணாடியை இறக்கியே விட்டுப்போவது அந்த ஊர் வழக்கம், உடைக்கிற சிரமத்தைத் திருடனுக்குக் கொடுக்காமல் இருக்க. கரையும் மணல் அல்ல, உடைந்த பவளத் துண்டுகள். கெட்டியான அடிப்பாகம் கொண்ட பூட்ஸ் இல்லாமல், முதுகுச் சுமையோடு அந்தப் பத்தடி நடப்பதுதான் அன்றைய டைவில் கடினமான பகுதியாக இருக்கும்.

1979-இல் தீவைச் சுற்றிய கடலை 60 மீட்டர் ஆழம்வரை பூங்காவாக அறிவித்தார்கள். பவளத்தின் மேல் நங்கூரம் போடக் கூடாது, கையுறையும் அணியக் கூடாது. கையுறைமேல் என்ன கோபம் என்கிறீர்களா? அது கையில் இருந்தால் பவளத்தைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும், அவ்வளவுதான். முதல் இறக்கம் சோதனை டைவாக இருக்க வேண்டும் என்பதும் விதி. அதில் உங்கள் மிதப்புக் கட்டுப்பாட்டை, அதாவது மேலே எழும்பாமலும் கீழே தட்டாமலும் அந்தரத்தில் நிற்கும் பக்குவத்தை, நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். குவாரியின் குளிருக்காகத் தடித்த உடையும் கூடுதல் ஈயமும் கட்டிப் பழகியவர்களுக்கு இது நிஜமாகவே தேவை. வெப்பக் கடலில் மெல்லிய உடைக்கு அத்தனை எடை வேண்டாம். பழைய எடையையே கட்டிக்கொண்டு இறங்கினால் நேரே தரைக்குத்தான்.

கோசுமெலில் கதை வேறு. மெக்சிகோவின் யுகடான் கரைக்கும் இந்தத் தீவுக்கும் நடுவே உள்ள கால்வாயில் கரீபியன் நீரோட்டம் வடக்கு நோக்கிப் போகிறது. இதுவே பின்னால் வளைகுடா நீரோட்டமாக உருவெடுக்கும். அந்த ஓட்டம் பவளத்திட்டுகளை உரசிக்கொண்டே போவதால் அங்கே நடப்பது ட்ரிஃப்ட் டைவிங், அதாவது நீந்தாமல் ஓட்டத்தோடு மிதந்து போவது. ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்த மாதிரி பலன்கார் திட்டின் கோபுரங்களும் குகைவழிகளும் தாமாகவே கடந்து போகும். படகு நங்கூரம் போடாது. மேலே உங்கள் குமிழிகளைப் பின்தொடர்ந்து வரும். வழிகாட்டி ஒரு மிதவைக் குழாயை ஊதி மேலே அனுப்புவார், அதைப் பார்த்துப் படகு வந்து ஏற்றிக்கொள்ளும். சோம்பேறிகளுக்கு ஏற்றது என்று கேலி செய்வார்கள். நான் அந்தக் கட்சிதான். ஆனால் ஒன்று: பிடித்த இடத்தில் நிற்க முடியாது. ஓட்டம் கீழ்நோக்கி இழுக்கும் சில திட்டுகளும் உண்டு. உங்கள் அனுபவத்தைப் படகில் மறைக்காமல் சொல்லுங்கள், தோதான இடத்துக்கு அழைத்துப் போவார்கள்.

இனி உங்கள் கணவரின் ப்ளூ ஹோல். பெலீஸில் திட்டுகள் கரையில் இல்லை. கடலுக்குள் தள்ளி ஒரு நீண்ட தடுப்புத்திட்டு, அதற்கும் அப்பால் வட்டத்திட்டுகள், அதாவது நடுவில் ஆழமற்ற நீரை வளைத்துக்கொண்டு நிற்கும் பவள வளையங்கள். ப்ளூ ஹோல் இருப்பது அந்த வெளி வளையங்களில் ஒன்றான லைட்ஹவுஸ் ரீஃபில். ஆம்பர்கிரிஸ் தீவிலிருந்து விடிவதற்கு முன்பே புறப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் படகில் குலுங்கிப் போக வேண்டும். சுமார் 300 மீட்டர் அகலம், 120 மீட்டருக்கு மேல் ஆழம். பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது அது தரைமேல் இருந்த சுண்ணாம்புக் குகை. பிறகு கூரை இடிந்து கடல் புகுந்தது. சாட்சி, உள்ளே தொங்கும் கல்விழுதுகள். சொட்டுச் சொட்டாக நீர் வடிந்து கல்லாகும் இந்த விழுதுகள் காற்றில்தான் உருவாகும், தண்ணீருக்கடியில் உருவாகாது. 1971-இல் கடலாய்வாளர் ழாக் குஸ்தோ தம் கலிப்ஸோ கப்பலோடு போய்வந்ததிலிருந்து அதற்குப் பெரும் புகழ்.

புகழுக்குக் காரணம் வானத்திலிருந்து எடுத்த படம். உள்ளே வெளிச்சமும் குறைவு, உயிரும் குறைவு. விழுதுகளைப் பார்க்க 40 மீட்டர் இறங்க வேண்டும். உங்கள் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர். 40 மீட்டரில் நைட்ரஜன் மயக்கம், அதாவது அழுத்தத்தில் மூச்சுக்காற்றின் நைட்ரஜன் லேசான போதையாகத் தலைக்கேறுவது, சாதாரணமாக வரும். தங்க முடிவதும் சில நிமிடங்களே. சில படகுகள் புதியவர்களையும் கூட்டிப் போகத்தான் செய்கின்றன. அழைத்துப் போகிறார்கள் என்பதற்காக அது சரியாகிவிடாது. உங்கள் கணவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: அந்தப் பயணத்தில் போய்வருகிறவர்கள் பிறகு உற்சாகமாகப் பேசுவது பெரும்பாலும் அடுத்து இறங்கும் ஹாஃப்மூன் தீவுச் சுவரைப் பற்றித்தான். ப்ளூ ஹோலை ஒரு குட்டி விமானத்தில் ஏறி மேலிருந்து பார்ப்பதே மேல்.

கேமன் தீவுகள் ஆழ்கடல் பள்ளம் ஒன்றின் விளிம்பில் நிற்கின்றன. பள்ளத்தின் ஆழம் 7,600 மீட்டருக்கும் மேல். அதனால் அங்கே சுவர் டைவிங், அதாவது செங்குத்தாக இறங்கும் பாறைமுகத்தை ஒட்டி மிதப்பது. லிட்டில் கேமனின் ப்ளடி பே சுவர் 6 மீட்டரிலேயே தொடங்கிவிடுவதால் 18 மீட்டர் எல்லைக்குள்ளேயே முழு அழகையும் பார்க்கலாம். கீழே தரை தெரியாது. அடிக்கடி டைவ் கணினியில் ஆழம் பார்த்துக்கொள்ளுங்கள். விலைவாசியைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை போதும்: அதிகம்.

இப்போது நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன அந்தச் செப்டம்பர். புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. உச்சம் செப்டம்பர் நடுவில். 2005 அக்டோபரில் வில்மா புயல் கோசுமெலை நகராமல் நின்று அடித்தது. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் கிரெனடாவைச் சிதைத்துவிட்டு, அதே போக்கில் கிராண்ட் கேமனுக்கும் வந்தது. பொனேர் புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே இருக்கிறது. புயல்கள் போகப்போக வடக்கே திரும்பும் இயல்புள்ளவை. பக்கத்திலேயே தென்னமெரிக்கக் கண்டம் இருப்பதும் அவற்றுக்குப் பிடிக்காது. தெற்கு என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம்: ஏறக்குறைய அதே அட்சரேகையில்தான் கிரெனடாவும் இருக்கிறது. பொனேருக்கும் 1999 நவம்பரில் ஓர் அடி விழுந்தது. லென்னி என்ற புயல் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்கே போக, எப்போதும் சாந்தமாக இருக்கும் மேற்குக் கரையில் அலை வந்து மோதி, ஆழமற்ற நீரிலிருந்த பவளத்தை உடைத்துப் போட்டது. ஆனாலும் செப்டம்பரில் பந்தயம் கட்டச் சொன்னால் பொனேர்மேல்தான் கட்டுவேன்.

நண்பர்கள் காட்டும் படங்களின் தேதியையும் கேளுங்கள். 2014-இல் ஃபுளோரிடாவில் முதலில் தென்பட்ட ஒரு பவளநோய், சில வாரங்களிலேயே பெரிய பவளத்தையும் வெறும் எலும்பாக்கிவிடுவது, பிறகு மெக்சிகோ, பெலீஸ், கேமன் என்று பரவி 2023-இல் பொனேருக்கும் வந்துவிட்டது. பத்தாண்டுக்கு முந்தைய படத்தில் இருப்பது இன்று எங்குமே அப்படியே இருக்காது. தீவு மாறும்போது உடைகளையும் கருவிகளையும் கிருமிநாசினியில் அலசச் சொல்வதற்கும் இந்த நோய்தான் காரணம்.

ஆகவே இந்த முறை பொனேர். ஒரே ஒரு எச்சரிக்கை: அங்கே யாரும் உங்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போக மாட்டார்கள். முதல் இரண்டு நாட்களுக்கு ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள், பிறகு நீங்கள் இருவருமே போகலாம். பிப்ரவரி, மார்ச்சில் லீவு கிடைக்கும் ஆண்டில், கொஞ்சம் அனுபவமும் சேர்ந்தபின், லிட்டில் கேமனுக்கோ கோசுமெலுக்கோ போங்கள். கோசுமெலில் குளிர்கால வடகாற்று எழுந்தால் துறைமுகத்தை ஓரிரு நாள் மூடிவிடுவார்கள் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஓர் ஊரும் உண்டு: பிரெஞ்சுத் தீவான குவாதலூப். பூயாந்த் ஊருக்கு எதிரே பீஜியன் குட்டித்தீவுகளைச் சுற்றிக் குஸ்தோ பெயரிலேயே ஒரு காப்பகம் இருக்கிறது. எரிமலை, காடு, பெருமழை, ஆறுகள் எல்லாம் உள்ள தீவு. எனவே பொனேரின் தெளிவை எதிர்பார்க்காதீர்கள். டைவ் இல்லாத நாளில் காப்பெஸ்தேர் பக்கம் போனால் மாரியம்மனைக் கும்பிடும் குடும்பங்களைப் பார்க்கலாம். 1854 முதல் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். குவாதலூப்பும் புயல் பாதையில் இருப்பதால் செப்டம்பருக்கு வேண்டாம்.

கடைசியாக, திரும்பும் விமானம். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தபின் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெல்ல வெளியேற அவகாசம் இல்லாமல் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் அது குமிழியாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். எனவே கடைசி முழுநாளைத் தரையிலேயே கழியுங்கள். பொனேரின் தென்பகுதியில் உப்பளங்களும் ஃபிளமிங்கோக்களும் உண்டு. அந்தச் சாலையில் கழுதைகள் குறுக்கே வரும்; மெதுவாகவே ஓட்டுங்கள்.